சூலமும் ஸபரும்

திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்கு வடக்கே காவிரி. காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கம். பழைய பஞ்சாங்கக் கணக்கின்படி செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். ஆகவே அவ்விரு நாட்களிலும் கோட்டையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் புறப்படலாகாது. வியாழக்கிழமை தெற்கே சூலம்; அன்று ஸ்ரீரங்கத்தார் கோட்டைக்கு வரலாகாது. ஆனால் 1976ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட காவிரிப் பாலத்தை மக்கள் கிழமை பார்த்துக் கடப்பதில்லை. சூலம் அவர்களில் எவரையும் குத்தியதாகச் செய்தியுமில்லை!

இதில் நமக்குச் சுவையாகத் தோன்றுவது தடையன்று. தடைக்குச் சொல்லப்பட்ட பரிகாரமே. வடக்கே போயே தீர வேண்டுமா? பால் அருந்திவிட்டுச் செல்க. தெற்கே என்றால் தைலம். மேற்கே என்றால் வெல்லம். கிழக்கே என்றால் தயிர். ஒரு வாய்ப் பாலுக்கு வழிவிட்டு நிற்கும் சூலத்தை என்னென்பது! தாம் விதித்த தடை பிழைப்பை முடக்கிவிடலாகாதே என்று, முன்னோரே ஒரு புறவாசலைத் திறந்து வைத்தனர் போலும்.

இத்தகைய அறிவுரைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றியது. நூறு பாடல்களில் எழுவது, குளிப்பது, உண்பது, உறங்குவது அனைத்துக்கும் அதில் விதியுண்டு. நீரில் தன் நிழலை நோக்கலாகாது. இரவில் மரத்தடியைச் சேரலாகாது. மின்னலையும் விழும் மீனையும் பார்க்கலாகாது. வடக்கே தலைவைத்துப் படுக்கலாகாது. உணவில் இனிப்பை முதலிலும் கசப்பை இறுதியிலும் உண்ண வேண்டும். இன்றைய பிள்ளைகள் இவற்றைப் படித்தால் வாய்விட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆயினும் அதே நூல், விருந்தினர், முதியோர், பசு, பறவை, குழந்தை ஆகியோருக்கு உணவளிக்காமல் தாம் உண்ணலாகாது என்றும் கூறுகிறது. இதைக் கேட்டுச் சிரிக்க எவருக்கேனும் மனம் வருமா?

ஒரே நூலில், ஒரே குரலில் வந்த அறிவுரைகளை எந்த அளவுகோல் கொண்டு பிரிப்பது? இதுவே நம்முன் உள்ள கேள்வி.

சிலர் ஒவ்வொரு பழைய சொல்லுக்கும் ஓர் அறிவியல் காரணம் தேடித் தருகின்றனர். வடக்கே தலைவைக்கலாகாது என்பதற்குப் பூமியின் காந்த சக்தியே காரணமாம்! பூமியே ஒரு பெரிய காந்தம் என்று இங்கிலாந்தின் கில்பர்ட் எழுதி வெளியிட்டது 1600ஆம் ஆண்டில். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன் வாழ்ந்த முள்ளியார் அதை எண்ணிப் பாடினார் என்பது, அவருக்குப் புகழ் சேர்ப்பதாகாது. அவர் சொல்லாததை அவர் வாயில் இடுவதாகும். முன்னோரை மதிப்பதற்குப் பொய் தேவையில்லை.

காரணம் தேடுவதைவிட, அந்த அறிவுரையின் சுமையை யார் தாங்குகிறார் என்று கேட்பதே நேரிய வழி. கசப்பை இறுதியில் உண்பவரால் எவருக்கும் தீங்கில்லை. விருந்தினர்க்கு முதலில் இடுகிறவர் தம் பசியைத் தாமே தாங்குகிறார். ஆனால், கைம்பெண் எதிரே வந்தால் பயணம் கெடும் என்பதும் முன்னோர் சொல்லாகத்தானே நம்மிடம் வந்தது? அங்கே சுமை முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் ஏறுகிறது. சூலத்துக்குப் பால் பரிகாரம். முகம் வாடித் திரும்பிய அவளுக்கு எது பரிகாரம்?

அண்டை வீட்டுப் பஞ்சாங்கத்தைக் கண்டு நகைக்கும் நாம், நம் வீட்டையும் சற்று நோக்க வேண்டும். ஸபர் மாதத்தில் பீடை இறங்குகிறது என்று அஞ்சித் திருமணத்தைத் தள்ளிவைத்த குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? அம்மாதத்தின் கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்று பெயரிட்டு, எழுதிக் கழுவிய நீரைப் பருகி, புல்லை மிதித்துப் பீடை கழித்தவர்கள் நம் பாட்டன்மார் அல்லரா? ஸபரில் பீடையில்லை, பறவைச் சகுனமும் இல்லை என்று நபிமொழி அறிவித்த பின்னரும் இவ்வச்சம் நம் இல்லங்களில் குடியிருந்தது. செவ்வாயின் சூலத்துக்கும் ஸபரின் பீடைக்கும் பெயரில்தான் வேற்றுமை.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் பெருமானார் (ஸல்) அவர்களின் இளங்குழந்தை இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. குழந்தையின் மறைவுக்காகவே கதிரவன் இருண்டது என்று மக்கள் பேசினர். அவர்கள் அன்பினால்தான் அவ்வாறு பேசினர். அந்தப் பேச்சு அண்ணலாரின் இல்லத்துக்குப் பெருமையும் சேர்த்திருக்கும். எனினும் துயரம் நெஞ்சை அழுத்திய அவ்வேளையிலும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கதிரவனும் திங்களும் ஒளி மங்குவதில்லை. அவை இறைவனின் சான்றுகள் என்றே அவர்கள் எடுத்துரைத்தார்கள். தமக்குச் சிறப்புத் தரும் பொய்யையும் ஏற்காத நேர்மை அது.

வழக்கம் வேறு, வணக்கம் வேறு. வழக்கத்துக்கு வணக்கத்தின் போர்வையைப் போர்த்தும்போதுதான், சிரித்துவிட்டுப் போக வேண்டியது அச்சமாக வளர்கிறது. நம் இல்லத்து முதியவர், "இரவில் வீட்டைப் பெருக்காதே" என்றால் துடைப்பத்தைச் சாத்தி வைப்போம், அதனால் குறைவொன்றுமில்லை. அவரே, "இவள் வந்த வேளைதான் இக்குடும்பம் நொடித்தது" என்று மருமகளைச் சுட்டினால், அங்கே மரியாதையோடு மறுத்துப் பேசுவது நம் கடமை. பழஞ்சொற்களைக் கேட்டுச் சிரிக்கலாம். அவற்றால் ஒருவர் அழ நேர்ந்தால் மட்டும் நாம் வாளாவிருக்கலாகாது.