பனி எதுவரை

நோர்வேயின் துரொம்சோவில் ஆய்வாளர் ஒருவர் பொதுமக்களுக்கு வைத்திருந்த நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "இது நான், அது நீ மச்சான்" என்றான் நண்பன். பின்மார்க்கில் மீன் ஆலையில் ஒன்றாய் வேலை செய்த காலந்தொட்டு அவன் அதிகம் கதைப்பவனல்ல. அந்தச் சொல் என்னை விடவில்லை.

அவன் 'இது' என்றது மெகாபோரூரா ஆர்க்டிகா. ஸ்வால்பார்டில் கடற்பறவைகள் கூடுகட்டும் பாறைகளுக்கடியில், பாசி படர்ந்த மண்ணில் வாழும் வெள்ளை ஸ்பிரிங்டெயில். நீளம் ஓரிரு மில்லிமீற்றர். மண் உறைந்தால் அதன் மெல்லிய தோல் வழியே உடல்நீர் கசிந்து சுற்றியுள்ள பனிக்கட்டியில் சேர்ந்துவிடும். உறைவதற்கு நீரே மிஞ்சாது. திரெகலோஸ் என்ற சர்க்கரை உயிரணுக்களைக் காக்கும். 1998இல் ரோஜர் வோர்லண்ட் குழுவினர் இதை எழுதினார்கள். நான் பார்த்ததோ வற்றிய உடலின் சுருக்கங்களை: முதுகெங்கும் மடிப்பு மடிப்பாய், காலும் தலையும் ஒடுங்கி.

யாழ்ப்பாணத்தில் அம்மா பாயில் காயப்போடும் ஒடியல் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் ஒரு துண்டை மண்ணில் புதைத்து, முளைக்குமென்று தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். முளைக்கவில்லை. இந்தப் பூச்சியின் சுருக்கங்கள் ஈரம் பட்டால் விரிகின்றன, அது எழுந்து நடக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள அந்த வித்தியாசம்தான் உயிரென்றால், வற்றிக் கிடக்கையில் அது எங்கே இருந்தது?

நண்பன் ஒன்றுகூடலுக்கு வரமாட்டான், ஊருக்கும் போன் எடுக்கமாட்டான். தன்னைக் குறைத்துக்கொண்டே குளிரைத் தள்ளி வைத்தான். சுருங்கிப்போனான் என்று நாங்கள் சொல்வோம். அது பிழையான பேச்சென்று இப்போது படுகிறது. அந்த மடிப்புகளுக்குப் பின்னால் எவ்வளவு வேலை நடக்கிறது!

'அது' என்றது என்கிட்ரேயஸ் ஆல்பிடஸ். கரையொதுங்கி அழுகும் கடற்பாசியிலும் மண்ணிலும் வாழும் வெள்ளைப் புழு. ஈரத்தோல் என்பதால் பனி உள்ளே வந்துவிடும், அது வரவிடுகிறது. சேமித்த கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக்கி, பனியை உயிரணுக்களுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டினால் சாவு.

நான் மொழியைப் படித்தேன், இங்கேயே வேரூன்றினேன், பிள்ளைகளும் இந்த ஊர்ப் பிள்ளைகள். வரவிட்டவன்தான். அதை அவன் பாராட்டினானா, குறை சொன்னானா? அப்பா செத்த செய்தி வந்த மறுநாள் காலை, வழமைபோல வேலைக்குப் போனேன், கண் கலங்கவில்லை. பனி எல்லையில் நின்றதால் என்னால் அப்படி நடக்க முடிந்ததா, அல்லது அது ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனிடம் கேட்டாலும் சொல்வானோ தெரியாது.