ஒரு ராத்திரிதானே

சொகுசுக் கப்பலில் போவதென்று முடிவாகிவிட்டால் வீட்டில் கப்பல் பேச்சுதான். எந்தத் தளத்தில் ரூம், பால்கனி உண்டா, குழந்தைகளுக்கு நீச்சல்குளம் இருக்கிறதா, சைவச் சாப்பாடு போடுவார்களா என்று மாதக்கணக்கில் ஓடும். ஊரில் போய் இறங்கிக் கப்பலேறும் வரை எங்கே தங்குவது என்பது கடைசிக் கேள்வி. அதுவும் ‘ஒரு ராத்திரிதானே, ஏதாவது பார்த்துப் போடு’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். செல்போனில் விரல் ஓடத் தெரிந்த யாரோ ஒருவர் பார்த்துப் போட்டுவிடுவார்.

அந்த ஒரு ராத்திரி அவசியமா என்று கேட்டால், அவசியம்தான். விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானம் உண்டு. கப்பல் அப்படியில்லை. புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பாகவே பயணிகள் பதிவை மூடிவிடுவார்கள். கப்பல் போய்விட்டால் கைக்காசைப் போட்டு அடுத்த துறைமுகத்துக்குப் பறந்து போய்ப் பிடிக்க வேண்டும். இதற்குப் பயந்துதான் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் முதல் நாளே ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அதுவரை சரி. சேர்ந்த பிறகு நடப்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் போகும் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து நாலு மணி நேரப் பறத்தல். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். நடுராத்திரியை ஒட்டிக் கிளம்புகிற விமானத்தில் ஏறினால் அங்கே பொழுது விடிகிற நேரத்தில் இறங்குவீர்கள். ஹோட்டலில் ரூம் கொடுப்பது பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு. பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதில் குறையில்லை. ஆனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்த எழுபது வயதுக்காரரை வாங்கி வைத்துக்கொள்ள அவர்களிடம் இடமில்லை. அவர் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து, தலை சாயும்போதெல்லாம் திடுக்கிட்டு நிமிர்ந்துகொண்டிருப்பார். இளையவர்கள் ‘வாங்க, அதுக்குள்ள ஒரு ரவுண்ட் சுத்திட்டு வரலாம்’ என்பார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது: முந்தின ராத்திரிக்கும் சேர்த்து வாடகை கட்டிவிடுவது. விடிகாலையில் எப்போது வருவோம் என்று ஹோட்டலுக்குச் சொல்லி வைத்துவிட்டால் நேரே போய்ப் படுக்கலாம். தூங்காத ராத்திரிக்கு வாடகையா என்று நம் கணக்குப் புத்தி முறைக்கும். கப்பலில் பால்கனிக்காகக் கூடுதலாகக் கட்டியபோது அந்தப் புத்தி எங்கே போயிருந்தது என்று நான் கேட்பேன். கடலை எட்டிப் பார்ப்பதற்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் காசு, காலை நீட்டிப் படுப்பதற்குக் கொடுக்கும்போது மட்டும் வீண் செலவாகத் தெரிகிறது.

அடுத்தது, எந்தத் துறை என்கிற விஷயம். சிங்கப்பூரில் பயணிகள் கப்பல் ஏறும் இடம் இரண்டு. செந்தோசாவுக்கு எதிரே ஹார்பர்ஃபிரண்ட். நகரத்தின் தென்கோடியில், 2012இல் திறந்த மெரினா பே முனையம். இரண்டாவது எதற்கு என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஹார்பர்ஃபிரண்டிலிருந்து செந்தோசாவுக்குத் தலைக்கு மேல் கேபிள் கார் போகிறது. 1983 ஜனவரியில் எண்ணெய் துளையிடும் கப்பல் ஒன்றின் கோபுரம் அந்தக் கம்பியில் சிக்கி, இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். இன்றைய சொகுசுக் கப்பல்களோ அடுக்குமாடிக் கட்டடங்கள். அந்தக் கம்பிக்குக் கீழே நுழைய முடியாத உயரம். அதனால் உயரத் தடையில்லாத இடத்தில் புது முனையம் கட்டினார்கள். இரண்டுக்கும் நடுவே காரில் போகும் தூரம். உங்கள் சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ‘துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே’ என்று ரூம் போடுவதில் அர்த்தமில்லை.

உண்மையில் சிங்கப்பூர் மாதிரியான ஊரில் துறைமுகத்துக்குப் பக்கம் என்பது அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. எங்கிருந்தும் டாக்ஸியில் கொஞ்ச நேரம்தான். டாக்ஸியில் யார் யார் ஏறலாம் என்பதுதான் விஷயம். சாதாரண டாக்ஸியில் நாலு பேர். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, குழந்தை என்றாலே ஒருவர் மிச்சம், பெட்டிகள் வேறு. செயலியில் வரவழைக்கும் தனியார் வண்டியென்றால் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது அங்கே சட்டம். டாக்ஸிக்கு மட்டும் விலக்கு. கப்பலேறும் நாள் காலையில் ஹோட்டல் வாசலில் நின்றுகொண்டு, ‘நீங்க ரெண்டு பேரும் அந்த வண்டியில போங்க, நாங்க பின்னாடியே வர்றோம்’ என்று குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கும்போது பாட்டியின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பழக்கமில்லாத ஊரில், தன் பாஸ்போர்ட் யார் பையில் இருக்கிறது என்று தெரியாமல், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த முகம் ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். பெரிய வண்டி ஒன்றுக்கு முதல் நாளே சொல்லி வைப்பதில் தீர்ந்துபோகிற விஷயம் இது.

என் அத்தை ஒருவர் மகன் குடும்பத்தோடு கப்பல் போய் வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு ‘ரொம்ப நல்லா இருந்துச்சு’ என்றார். வேறு என்ன சொல்வார், மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பல மாதம் கழித்து ஒருநாள் பேச்சுவாக்கில், கப்பலுக்கு முந்தி தங்கிய ஹோட்டலில் தான் குளிக்கவே இல்லை என்றார். குளியலறையில் தொட்டி. காலைத் தூக்கி அதற்குள் வைத்து ஏற வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பியில்லை. வழுக்கி விழுந்துவிட்டால் எல்லோருடைய பயணமும் கெடுமே என்று பயம். வாஷ்பேசினில் முகம் கழுவி, துணியை நனைத்து உடம்பைத் துடைத்து, புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்து, ‘குளிச்சாச்சும்மா?’ என்று கேட்ட மகனிடம் ‘ஆச்சுப்பா’ என்று சொல்லிவிட்டார். நாள் தவறாமல் விடிகாலையில் தலைக்குக் குளிக்கிற மனுஷி.

அந்த மகன் கெட்டவனில்லை. நல்ல ஹோட்டல்தான் பார்த்துப் போட்டான். நிறைய நட்சத்திரம், நிறைய பாராட்டு. ஹோட்டல் தேடும் செயலிகளில் விலையை வைத்து வடிகட்டலாம், நீச்சல்குளம் இருக்கிறதா என்று வடிகட்டலாம், காலைச் சாப்பாடு உண்டா என்று வடிகட்டலாம். முழங்கால் வலிக்கு ஒரு வடிகட்டி தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கீழே நூற்றுக்கணக்கில் இருக்கும் விமர்சனங்களும் எழுதத் தெரிந்தவர்கள், எழுத நேரமும் தெம்பும் உள்ளவர்கள் எழுதியவை. அத்தை இதுவரை எந்த ஹோட்டலுக்கும் நட்சத்திரம் போட்டதில்லை. அவரைப் போன்றவர்கள் தங்கிப் போன அறைகளின் கதை எங்கேயும் பதிவாகவில்லை.

கப்பலுக்குக் காத்திருக்கும் இடத்தைக் குடும்பமே தேர்ந்தெடுப்பது என்பது ஒன்றும் பழைய வழக்கமில்லை. ஒருகாலத்தில் அதைக் கம்பெனியோ சர்க்காரோ முடிவு செய்தது. அமெரிக்காவுக்குக் கிளம்பிய ஐரோப்பிய ஏழைகள் ஹாம்பர்க் நகரத்துக்குள் தங்கினால் நோய் பரவும் என்று 1892இன் காலராவுக்குப் பிறகு ஊரே பயந்தது. ஆல்பர்ட் பாலினின் ஹாபாக் கப்பல் கம்பெனி அவர்களுக்கென்றே 1901இல் ஃபெடல் தீவில் கூடங்கள் கட்டியது. மருத்துவச் சோதனை, கிருமிநீக்கம், கட்டில், சாப்பாடு. யூதர்களுக்குத் தனிச் சமையல். பணமுள்ளவர்கள் விஷயம் வேறு. டைட்டானிக்கின் சொந்தக்காரக் கம்பெனித் தலைவர் புரூஸ் இஸ்மே, 1912 ஏப்ரலில் கப்பலேறுவதற்கு முந்தின இரவை சவுதாம்ப்டனின் சவுத் வெஸ்டர்ன் ஹோட்டலில் கழித்தார்.

நம்மவர்களுக்கு ஹோட்டல் ஏது? மலாயா தோட்டங்களுக்குப் போனவர்கள் ஆவடியிலும் நாகப்பட்டினத்துப் பாப்பாகோவிலிலும் இருந்த டிப்போக்களில் கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். பிறகு ரஜூலா மாதிரியான கப்பல்களில் மேல்தளத்தில் பாய் விரித்துப் போனார்கள். சிங்கப்பூரை எட்டிய பிறகும் நேரே ஊருக்குள் விடவில்லை. 1874 முதல் நோய்த்தடுப்பு முகாமாக இருந்த செயின்ட் ஜான்ஸ் தீவில் நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் யாரிடமும் ‘உனக்கு எங்கே தங்கினால் சௌகரியம்?’ என்று கேட்டிருக்க வழியில்லை. எல்லோருக்கும் ஒரே கூடம், ஒரே வரிசை, ஒரே கஞ்சி.

அந்தத் தீவுக்குக் கூப்பிடு தூரத்துக் கடலில்தான் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் சொகுசுக் கப்பல் போகிறது. இப்போது கேட்க வழி இருக்கிறது. கேட்கவும் செய்கிறோம். ‘அம்மா, எந்த மாதிரி ஹோட்டல் வேணும்?’ அதற்கு அம்மா, ‘எனக்கு எங்கேன்னாலும் சரிப்பா. புள்ளைங்களுக்கு எது வசதியோ அதைப் பாரு’ என்பாள். நாமும் கேட்டாயிற்று என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஒரு வாழ்நாள் முழுக்கத் தன் தேவையைச் சொல்லாமலே பழகியவளிடம் திடீரென்று ஒரு சாயங்காலம் கேட்டால் என்ன பதில் வரும்? சொன்னால் செலவு, சொன்னால் தொந்தரவு, சொன்னால் ‘அடுத்த தடவை அம்மா வேண்டாம்’ என்று ஆகிவிடுமோ என்கிற பயம். எல்லாம் சேர்ந்துதான் அந்தச் ‘சரிப்பா’.

குடும்பத்துக்கு ஹோட்டல் தேடுவது என்பது சொல்லுகிறவர்களின் தேவையைப் பார்ப்பதாகவே முடிந்துவிடுகிறது. நீச்சல்குளம் வேண்டும் என்று பத்து வயதுப் பையன் கத்துகிறான். அவனுக்குக் குளம் கிடைத்துவிடும். வைஃபை வேண்டும் என்று பெரியவள் சொல்கிறாள், அதுவும் கிடைத்துவிடும். வாய் திறக்காதவருக்குத்தான் மிச்சமான கட்டில். ஒரு ரூமில் மூன்று பேர் என்று ஹோட்டல் வரம்பு போட்டால், அந்த மூன்றாவது பேருக்கு வரும் மடக்குக் கட்டிலில் யார் படுக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். நடுவில் கதவு வைத்த இரண்டு அறைகள் கேட்டால் கிடைக்கும். ஆனால் அது ‘இருந்தால் தருவோம்’ ரகம். முன்னாலேயே எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளாவிட்டால் ஒரு அறை நாலாம் மாடியிலும் இன்னொன்று பதினொன்றிலும் அமையும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்த பெரியவர், எழுப்பப் பக்கத்தில் ஆளில்லாமல், எந்த விளக்கு எங்கே என்று தெரியாமல் சுவரைத் தடவுவார்.

இப்படிச் சொல்வதனால் பெரியவர்களுக்கு மெத்தென்ற கட்டிலும் பெரிய லிஃப்டும் உள்ள ஹோட்டலாகப் பார்த்தால் போதும் என்றாகிவிடாது. மெரினா பே பக்கம் அப்படிப்பட்ட ஹோட்டல்கள் நிறைய. கண்ணாடி ஜன்னலில் கடல் தெரியும். அங்கே அம்மாவுக்கு ஒரு டம்ளர் காபி வேண்டுமென்றால் மகனைத்தான் எழுப்ப வேண்டும். லிட்டில் இந்தியா பகுதியின் சிராங்கூன் சாலையில் அப்படி இல்லை. அங்குள்ள பழைய கடைவீடுகளில் நடக்கும் ஹோட்டல்களில் ரூம் தீப்பெட்டி போல இருக்கும். சிலதில் ஜன்னலே இருக்காது, சிலதில் லிஃப்டும் கிடையாது. ஆகையால் அதைக் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். வாசலில் இறங்கினால் ராஃபிள்ஸ் காலத்து 1822 நகரத் திட்டத்திலிருந்து தொடரும் ஐந்தடி நடைபாதை. கடைக்குக் கடை தரைமட்டம் ஏறி இறங்கும், கவனமாகத்தான் நடக்க வேண்டும். ஆனாலும் நடக்கலாம். தனியாக நடக்கலாம். வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, 1947லிருந்து இருக்கும் கோமள விலாஸில் காபி குடித்துவிட்டு, தமிழிலேயே வழி கேட்டுத் திரும்பி வரலாம். மகன் எழுந்திருக்கும்போது அம்மா குளித்து, கோயில் போய்விட்டு வந்து, ஊர்க்கதை சொல்லுவாள்.

வசதி செய்து கொடுப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிடுவோம், மாத்திரைப் பெட்டியை எடுத்து வைப்போம், ‘நீங்க ரூம்லயே ரெஸ்ட் எடுங்க’ என்று ஏசியைச் சரிசெய்து வைத்துவிட்டு ஊர் சுற்றப் போவோம். யாரையும் கேட்காமல், யாருக்கும் பாரமாகாமல் தானாகச் செய்துகொள்ள ஒரு காரியத்தை அவருக்கு விட்டு வைப்பது இதற்கும் மேலே ஒரு படி. தானாகக் குளிப்பதும் தானாகத் தெருவில் இறங்குவதும் வயதானவருக்குச் சொகுசுக்குள் சேராது. அவை அவருடைய கௌரவம். அதை விட்டுவைக்கிற அறை எது என்று அவர் வாயால் சொல்லமாட்டார். கூடவே இருந்து, அவர் எந்தப் படியில் கைப்பிடியைத் தேடுகிறார், எந்தக் கல்யாண மண்டபத்துக் கழிப்பறைக்குப் போகாமல் சமாளிக்கிறார் என்று வருஷக்கணக்கில் பார்த்தவருக்குத்தான் தெரியும். வீட்டில் அப்படிப் பார்க்கத் தவறியவருக்கு எந்தச் செயலியும் உதவாது.

ஆகவே விலையையும் நட்சத்திரத்தையும் பார்த்து ஒன்றிரண்டு ஹோட்டல்களைப் பிடித்து வைத்த பிறகு, பணம் கட்டுமுன் ஒரு மின்னஞ்சல் எழுதலாம். குளியலறையில் தொட்டியா, தரையோடு தரையாக ஷவரா? கம்பி உண்டா? லிஃப்ட் வாசலிலிருந்தே ஏறுமா, நாலு படி ஏறித்தான் லிஃப்டா? ரூமில் ஜன்னல் திறக்குமா? காலை ஆறரை மணிக்கு வந்தால் படுக்க இடம் கிடைக்குமா, எவ்வளவு கூடும்? பெரும்பாலும் மறுநாளே பதில் வந்துவிடும். அம்மாவிடம் இதைச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. அவளுக்கு அது அந்த ஊரில் எல்லா ஹோட்டலிலும் அப்படித்தான் இருக்கும் என்றே தோன்றட்டும்.