நம்ம பக்தி தல மரத்துக்குப் பாரமா?



பழமுதிர்சோலைக்குப் போனவங்க அந்த நாவல் மரத்தைக் கும்பிடாம வந்திருக்க மாட்டீங்க. மாடு மேய்க்கிற சிறுவனா கிளையில உட்கார்ந்து, சுட்ட பழமா சுடாத பழமான்னு முருகன் அவ்வைப் பாட்டியைக் கேட்ட கதையோட மரம். அழகர்மலையில அந்த ஆறாவது படைவீட்டுக்கே அதுதான் தல விருட்சம்.

எங்க சங்கரன்கோவிலுக்கும் புன்னைவனம்னு பழைய பேர் உண்டு. கோமதி அம்மன் புன்னை மரங்களுக்கு நடுவுல தவம் இருந்தாங்கன்னு தலபுராணம் சொல்லுது. அந்தத் தவத்தைத்தான் ஆடித்தபசா கொண்டாடுறோம். வனம் போய் ஊர் வந்தாச்சு, புன்னை தல விருட்சமா நிக்குது. குற்றாலத்துல குறும்பலா. அந்தப் பலா மரத்தோட பேர்லயே சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுல தனிப் பதிகம் பாடியிருக்கார். ஆழ்வார்திருநகரியில நம்மாழ்வாரோட புளியமரம்.

இந்த மரங்களை எல்லாம் நாம தெய்வமாத்தான் பார்க்கிறோம். ஆனா எப்படி நடத்துறோம்?

சன்னதியில நாம தள்ளி நின்னு கும்பிடுறோம். அந்தத் தூரம் மரியாதைன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதே நாம பிரகாரத்துல மரத்துக்கிட்ட வந்ததும் கயிறு கட்டுறோம், தொட்டில் கட்டுறோம், அடியிலயே விளக்கும் சூடமும் ஏத்துறோம். சில ஊர்ல ஆணி அடிச்சு போர்டு மாட்டுறாங்க. அழகுக்குன்னு வேர் மேலயே சிமெண்ட் மேடை போடுறாங்க. கோயில்ல நாம கும்பிடுறதுல கண்ணுக்கு முன்னாடி மூச்சு விடுற ஒண்ணு அந்த மரம். அதுகிட்டதான் நமக்குக் கட்டுப்பாடே இல்ல.

பழைய மரத்தோட நடுப்பகுதி பெரும்பாலும் செத்த கட்டைதான். உள்ளே பொந்து விழுந்தாலும் மரம் பல வருஷம் வாழும். உயிர் ஓடுறது பட்டைக்கு அடியில இருக்கிற மெல்லிசான அடுக்குல. இலை செய்யுற சாப்பாடு அது வழியாத்தான் வேருக்கு இறங்குது. நாம இறுக்குற கயிறும் அடிக்கிற ஆணியும் விளக்குச் சூடும் சரியா அந்த இடத்துலதான் படுது. வேருக்கும் காத்தும் தண்ணியும் வேணும், சிமெண்ட் ரெண்டையும் அடைச்சிடும். நான் ஐ.டி.யில இருக்கேன். ஓடிக்கிட்டு இருக்கிற சிஸ்டத்துல கை வைக்க நாங்க பத்துத் தடவை யோசிப்போம், அதுக்கு பேக்கப் இருந்தும். பல நூறு வருஷ மரத்துக்கு பேக்கப் கிடையாது.

"வருஷக்கணக்கா குழந்தை இல்லாத ஒரு அக்கா அழுதுகிட்டே தொட்டில் கட்டுறாங்க. அவங்களைப் போய் வேணாம்னு சொல்றதா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அந்தக் கண்ணீர் முன்னாடி தாவரவியல் பேச எனக்கும் வாய் வராது. ஆனா அந்த வேண்டுதல் போய்ச் சேர மரத்தோட உடம்பு தேவையா? பக்கத்துல ஒரு கம்பி வேலி இருந்தா அதுல கட்டினாலும் முருகனுக்குக் கேட்காதா?

இலங்கையில அனுராதபுரம் ஸ்ரீ மகா போதி மரத்தைப் பாருங்க. கி.மு. 3ஆம் நூற்றாண்டுல நட்டது. சுத்தி வேலி, சாயுற கிளைகளுக்கு முட்டுக்கால். ஜனங்க தள்ளி நின்னுதான் பூ வைக்கிறாங்க. அதனால அவங்க பக்தி ஒரு துளியும் குறையல. மரமும் 2,200 வருஷம் தாண்டி நிக்குது.

சுட்ட பழக் கதையில அவ்வைக்குக் கிடைச்ச பாடத்தைத்தான் எல்லாரும் சொல்வோம். எனக்கு இன்னொண்ணும் தோணுது. முருகன் பழத்தைக் குடுக்கிறதுக்கு முன்னாடி, என்ன வேணும்னு கேட்டார். நாம மரத்துக்கு மஞ்சள், குங்குமம், நெய் எல்லாம் குடுக்கிறோம். உனக்கு என்ன வேணும்னு கேட்டதில்ல. அதுக்கு வாய் இல்ல, போதும்னு சொல்லாது. சொல்லத் தெரியாத உயிருக்காக நாமளே யோசிக்கிறதும் பக்திதான்.

அடுத்த கிருத்திகைக்கு உங்க ஊர் முருகன் கோயிலுக்குப் போனா, தல மரத்துக்கிட்ட ஒரு நிமிஷம் நில்லுங்க. கையில கயிறு வேணாம். ஒரு செம்புத் தண்ணி போதும். வேர் மேல சிமெண்ட் இருந்தா நிர்வாகத்துக்கிட்ட பணிவா ஒரு வார்த்தை சொல்லுங்க.

முருகா சரணம்!