புதுப் பொருளும் பழைய சஞ்சலமும்



புதிதாக வாங்கிய பொருளில் குறை இருக்கின்றதா, அல்லது குறை தேடும் நமது மனத்தில்தான் கோளாறா என்று தெரியாத நிலையில், அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பது நீதியாகுமா? சிறிய கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் நீதியும் உண்மையும் மனச்சாட்சியும் இதிலே ஒருங்கே வந்து முட்டுகின்றன.

காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் அதனை வாங்கி இரண்டு கிழமை ஆகவில்லை. இடப்பக்கத்து ஒலி சற்றுக் குறைவதுபோல் ஓர் இரவு தோன்றுகிறது. அன்று தொடக்கம் ஒரே பாட்டை ஒரே இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார். பைக்குள் அமுங்கியதால் உள்ளே ஏதும் கழன்றிருக்குமோ என்ற பயம் வேறு. பாட்டு முடிகிறது, அவர் கேட்டது பாட்டையல்ல.

தயவுசெய்து சிரிக்க வேண்டாம். 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பின், இத்தகைய பொருளைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குவது எளிதல்ல. அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பது உழைப்புக்குச் செய்யும் மரியாதை. பொருட்பற்றைக் கண்டிப்பதே குருக்களாகிய எமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால், வாங்கியதைத் தூக்கி எறிந்து பாவிப்பவனைவிட, துடைத்து உறையில் வைப்பவனே காசின் அருமையை அறிந்தவன்.

ஆகவே முதலில் வேண்டியது செபமன்று, சோதனை. ஹெட்போனை மாற்றி மாட்டிப் பாருங்கள்: இடப்பக்கம் வலக்காதுக்கு, வலப்பக்கம் இடக்காதுக்கு. ஒலிக்குறைவு கருவியோடு சேர்ந்து மறுகாதுக்குப் போனால் குறை கருவியில்; பழைய காதிலேயே நின்றால் குறை காதில். மெத்தை காதைச் சுற்றி நன்றாகப் படியாவிட்டால் தாழ்ந்த சுரங்கள் கசிந்து ஒலி மெலிந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் காம்பு ஒன்றே அதற்குப் போதும். நேற்றைய ஒலியையும் இன்றைய ஒலியையும் நினைவால் ஒப்பிடுவதோ வீண் வேலை. ஒலியின் நுட்பமான தன்மையைச் செவி சில விநாடிகளுக்கு மேல் பிடித்து வைப்பதில்லை.

சோதனை தெளிவாக ஒரு குறையைக் காட்டினால், பற்றுச்சீட்டோடு கடைக்குப் போவதில் தயக்கம் வேண்டியதில்லை. மறைந்திருக்கும் குறையால் வாங்குபவருக்கு நட்டமோ ஆபத்தோ வருமானால், விற்பவர் அதைச் சொல்லவே கடமைப்பட்டவர் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். ஆனால் அந்தக் கடமை ஒருவழிப் பாதையல்ல. தெளிவில்லாதபோது "இது பழுது" என்று அடித்துச் சொல்லக்கூடாது. "எனக்கு இப்படிக் கேட்கிறது, நீங்கள் பாருங்கள்" என்று சொல்லலாம். பைக்குள் அமுங்கியது உண்மையானால் அதையும் சொல்லியே ஆகவேண்டும். சின்னக் கடை முதலாளி ஒருவர் அந்த நட்டத்தைத் தம் தலையில் சுமக்கக்கூடும். "எதற்குத் தொல்லை" என்று நண்பனுக்கு விற்றுவிடுவது இதைவிடத் தந்திரமான வழி. சந்தேகத்தை ஒளித்து விற்றால் அதுவும் பொய்தான்.

சோதனையில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் மனம் ஆறவில்லை என்றால்? இங்கேதான் விடயம் ஆழமாகிறது. 1522இல் மன்றேசாவில் தங்கியிருந்த புனித இஞ்ஞாசியார், தம் பழைய பாவங்களை முற்றாகச் சொல்லிவிட்டோமா என்ற ஐயத்தால் மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனம் செய்து வாடினார். மிகத் தெளிவானதைத் தவிர வேறெதையும் திரும்பச் சொல்ல வேண்டாம் என்று அவருடைய குரு பணித்தார். பயனில்லை, அவருக்கோ எல்லாமே தெளிவாகத் தோன்றின! இனிக் கடந்ததைக் கிளறுவதில்லை என்று தாமே உறுதிகொண்ட பின்னரே விடுதலை பெற்றார். இத்தகைய சஞ்சலத்துக்கு இலத்தீனில் வழங்கும் சொல்லின் முதற்பொருள் சிறு கூர்ங்கல் என்பதாகும். செருப்புக்குள் கல்லோடு நடப்பவனுக்குப் பாதை தெரியாது, கல்தான் தெரியும். ஆனாலும், இச்சஞ்சலம் சில காலம் ஆன்மாவைத் தூய்மைப்படுத்த உதவும் என்றும் அவரே தம் ஆன்மீகப் பயிற்சிகளில் எழுதினார். சில காலம், அவ்வளவே.

புனித அகுஸ்தீனாருக்கோ இன்னொரு வகைக் கவலை. தம் சுயசரிதையின் பத்தாம் பாகத்தில், கோவிலிற் பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகம் அசைத்தால் தாம் பிழை செய்ததாக உணர்வதாய்ச் சொல்லுகிறார். இனிய இசையெல்லாம் வேண்டாம் என்று நினைக்கிறார். மனந்திரும்பிய நாட்களில் அதே பாட்டுக்களைக் கேட்டு அழுததை நினைத்து, வேண்டும் என்கிறார். நம் பிள்ளையின் நிலை அவருடையதைவிடப் பரிதாபமானது. அகுஸ்தீனாரிடம் குரலாவது போய்ச் சேர்ந்தது. இவருக்குப் பொருளும் இல்லை, குரலும் இல்லை, கருவியின் இரைச்சல் மட்டுமே. பழகப் பழக இந்தச் செவி பங்குப் பாடகர் குழுவிடமும், மனைவியின் பேச்சிலும், ஏன், என் மறையுரையிலும் பிசிறைத்தான் தேடும். (மறையுரையில் தேடினால் கிடைக்கும் என்பது வேறு கதை.)

பெற்றோருக்கு இன்னொன்று. கருவிக்குச் சேதம் வருமோ என்று அஞ்சுவோர், காதுக்கு வரும் சேதத்தை நினைப்பது குறைவு. வாரத்துக்கு 80 டெசிபல் ஒலியை 40 மணித்தியாலங்கள் வரை கேட்கலாம். 90 டெசிபலானால் 4 மணித்தியாலங்கள்தான் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் திரும்ப வளர்வதில்லை. அவற்றுக்கு உத்தரவாதச் சீட்டும் இல்லை. மேலே சொன்னபடி மாற்றி மாட்டிப் பார்த்து, குறை காதில்தான் எனத் தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். பலமுறை அது வெறும் காதழுக்காகவே இருக்கும். ஆனால் ஒரு காது திடீரென மந்தமாகியிருந்தால், கடைக்கு அலைந்து நாட்களைக் கடத்தாமல் உடனே காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் போகவேண்டும். அத்தகைய கேள்விக் குறைவுக்கு ஆரம்ப நாட்களில் தொடங்கும் சிகிச்சையே அதிகம் பயன் தரும்.