விருச்சிகத்துக்கு எந்தச் சுரம்?

அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் கேட்கும் கேள்விக்கு யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. பெயர், நட்சத்திரம், ராசி மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. படிப்பையும் தொழிலையும் அங்கே யாரும் விசாரிப்பதில்லை. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் சன்னதியில் நின்று அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிறைவு உண்டாகும். இவ்வளவு பெரிய வானத்தில் எனக்கென்று ஒரு வீடு குறித்து வைத்திருக்கிறார்களே என்ற நிறைவு அது.

சென்னையில் படிக்கும் என் அக்கா மகள் போன மாதம் பேசும்போது, "மாமா, உங்களுக்கு விருச்சிகம்தானே? விருச்சிகத்துக்கு ராத்திரி முழுக்க நடக்கிற ராக் கச்சேரிதான் ஒத்துவருமாம். அதுவும் எழுபதுகள் காலத்துப் பாட்டு" என்றாள். அவள் சிம்மம். பெரிய மேடையும் கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் எண்பதுகளின் பாட்டும் அவளுக்கு விதிக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு வகை இசைத் திருவிழா. இளையவர்கள் மத்தியில் இப்படியொரு பொருத்தம் பார்க்கும் விளையாட்டு இருக்கிறது. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இருபது வயதில் 'உனக்கு உரியது இது' என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று நானும் ஏங்கியிருக்கிறேன். படிப்பில், வேலையில், கல்யாணத்தில் எல்லாம் நாமே தேடித் தேர்ந்தாக வேண்டிய வயது அது. இசையிலாவது ஒரு வீடு தயாராக இருந்தால் நன்றாகத்தானே இருக்கும்?

கணக்கில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. மேல்நாட்டார் பிறந்த தேதியை வைத்துச் சூரியன் நின்ற ராசியைச் சொல்கிறார்கள். நாம் ஜன்ம ராசி என்பது சந்திரன் நின்ற வீட்டை. சூரியனையே எடுத்துக்கொண்டாலும் இரு கணக்குக்கும் இடையே ஏறத்தாழ 24 பாகை இடைவெளி விழுந்துவிட்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் பிறந்தவர் அவர்கள் கணக்கில் மேஷம். நம் பஞ்சாங்கத்தில் அது பங்குனி, சூரியன் இன்னும் மீனத்தை விட்டு நகரவில்லை. ஒரே குழந்தைக்கு எந்தக் கச்சேரியைக் கொடுப்பது?

ராசியையும் இசையையும் சேர்த்து வைப்பது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவைக்கு உரை கண்டவர்கள் வட்டப்பாலை என்ற ஒன்றை விளக்குகிறார்கள். பன்னிரண்டு ராசிகளையும் வட்டமாக எழுதி, ஏழு சுரங்களை அவற்றில் நிறுத்துகிறார்கள். துலாத்தில் குரல், தனுசில் துத்தம், கும்பத்தில் கைக்கிளை, மீனத்தில் உழை, ரிஷபத்தில் இளி, கடகத்தில் விளரி, சிம்மத்தில் தாரம். ஒரு தாளில் வட்டம் போட்டு நான் இதை எண்ணிப் பார்த்தேன். துலாத்திலிருந்து தனுசுக்கு இரண்டு வீடு, தனுசிலிருந்து கும்பத்துக்கு இரண்டு, கும்பத்திலிருந்து மீனத்துக்கு ஒன்று. பிறகு இரண்டு, இரண்டு, ஒன்று. கடைசியில் சிம்மத்திலிருந்து துலாத்துக்குத் திரும்ப இரண்டு. ஆர்மோனியத்தில் ஒரு ராசிக்கு ஒரு கட்டை என்று வைத்து வாசித்தால் வருவது இன்றைய அரிகாம்போதி. ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்', விபுலாநந்தரின் 'யாழ் நூல்' இரண்டும் இந்த வட்டத்தோடு நெடுநேரம் மல்லுக்கட்டியவை. 'யாழ் நூல்' 1947-ல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அதற்குத் துணைநின்ற சிதம்பரம் செட்டியார் எங்கள் பக்கத்து நச்சாந்துபட்டிக்காரர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த வட்டத்தில் விருச்சிகம் வெற்று வீடு. மேஷம், மிதுனம், கன்னி, மகரமும் அப்படியே. ஐந்து ராசிக்காரர்களுக்குச் சுரமே இல்லை! முதலில் இது எனக்கு உறுத்தியது. பிறகு ஆர்மோனியத்தில் மறுபடி வாசித்தபோது விளங்கியது. அந்த ஐந்து கட்டைகளும் காலியாக இருந்ததால்தான் மற்ற ஏழுக்கும் அந்த முகம் வந்தது. பன்னிரண்டையும் வரிசையாக அழுத்தினால் பண் எதுவும் பிறக்கவில்லை. குரலை வேறொரு வீட்டுக்கு மாற்றி அதே இடைவெளிகளோடு தொடங்கினால் காலி வீடுகள் பாட ஆரம்பித்தன, பாடிய வீடுகளில் சில அடங்கின. நம் முன்னோர் ராசியை இங்கே ஓர் அளவுகோலாகக் கையாண்டிருக்கிறார்கள். யார் எந்த வீட்டில் பிறந்தவர் என்ற பேச்சே அங்கு எழவில்லை.

முத்துசுவாமி தீட்சிதர் வேறு வழியில் போனார். ஞாயிறு முதல் சனி வரை ஏழு கோள்களுக்கும் ஏழு கிருதிகள் செய்தார். அவற்றில் பெரும்பாலானவற்றில் அந்தக் கோள் ஆளும் ராசியையும் குறிப்பிட்டார். கோள்கள் ஆளும் வீடுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஏழு பாட்டுக்குள் பன்னிரண்டு ராசியும் அடங்கிவிடுகின்றன. சூரியனின் சிம்மத்துக்குச் சௌராஷ்டிரம். சந்திரனின் கடகத்துக்கு அசாவேரி. செவ்வாயின் மேஷ விருச்சிகத்துக்குச் சுருட்டி. புதனின் மிதுன கன்னிக்கு நாட்டக்குறிஞ்சி. குருவின் தனுசு மீனத்துக்கு அடாணா. சுக்கிரனின் ரிஷப துலாத்துக்குப் பரஸ். சனியின் மகர கும்பத்துக்கு யதுகுலகாம்போதி. திருவாரூரில் சுத்த மத்தளம் வாசித்த சீடர் தம்பியப்பனுக்குத் தீராத வயிற்றுவலி வந்ததாகவும், அது குருவின் தோஷம் என்று கண்டு தீட்சிதர் அடாணாவில் தொடங்கியதாகவும் சொல்வார்கள்.

எந்தக் கோளுக்கு எந்த ராகம் என்பதில்தான் என் மனம் நெடுநாள் தங்கியிருக்கிறது. செவ்வாய் என்றால் சண்டை, ரத்தம், கோபம் என்கிறது சோதிடம். விருச்சிகத்துக்குத் தேள்தான் அடையாளம். குணத்துக்குக் குணம் பொருத்துபவர் அங்கே முழக்கத்தைத்தான் வைப்பார். அக்கா மகளிடம் இருக்கும் பட்டியலும் அதையே செய்தது. தீட்சிதர் வைத்தது சுருட்டி. பஜனையும் கச்சேரியும் மங்களம் பாடி முடிக்கும்போது கேட்கும் ராகங்களில் ஒன்று, வீட்டுக்கு நல்லபடியாகப் போய்வா என்று வாசல் வரை வந்து அனுப்புகிற ராகம். ஏழரை என்று சொன்னாலே நடுங்க வைக்கும் சனிக்கோ, தாயின் மனம்போல இளகிக் கிடக்கும் யதுகுலகாம்போதி. பயத்துக்குப் பயத்தை அவர் பாடவில்லை. காரணத்தை அவர் எழுதி வைக்கவில்லை, நான் உணர்வதைச் சொல்கிறேன்: ஒருவர் எப்படிப்பட்டவரோ அதையே திருப்பிக் கொடுப்பது இசையின் வேலை என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. கோபக்காரருக்குக் குளிர்ச்சி, அஞ்சியவருக்கு ஆறுதல் என்று குறையைப் பார்த்துக் கொடுத்ததுபோல் இருக்கிறது. இந்தப் பொருத்தத்தை நான் முழுமனதோடு ஏற்பேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் ராசிக்கும் திருவிழா இசைக்கும் இருக்கும் உறவு இதைவிடப் பழகியது, யாரும் பெரிதாகச் சொல்லாதது. தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியில் தங்கும் காலம். மலையாளத்தார் மாதத்துக்கு ராசியின் பெயரையே மேடம், மீனம் என்று வைத்திருக்கிறார்கள். நாம் வேறு பெயரில் அதையேதான் சொல்கிறோம். சூரியன் தனுசுக்கு வந்தால் மார்கழி, விடியலில் பஜனை. புதுக்கோட்டை கோபாலகிருஷ்ண பாகவதர் வகுத்த முறையில் தமிழ்நாட்டுக்கு வெளியிலும் பஜனை செய்கிறார்கள். மகரத்துக்கு வந்தால் தை, வாடிவாசல்களில் பறையும் உறுமியும். மாசி கும்பத்தில் திருவப்பூர் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல். மீனத்துக்கு வந்தால் நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குப் பங்குனித் திருவிழா; பால்குடமும் காவடியும் மேளத்தோடு மலையடிவாரத்தை நிறைக்கும். கடகத்தில் ஆடி, அம்மன் கோயில் ஒவ்வொன்றிலும் கூழும் ஒலிபெருக்கியும்.

ஆளுக்கு ஒரு ராசி என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது ஊருக்கு ஒரு ராசி இப்படி மாதம் மாறி மாறி வருகிறது. சூரியன் மீனத்தில் நிற்கையில் மேஷத்தாரும் துலாத்தாரும் ஒரே கொட்டகையில் உட்காருகிறார்கள். காப்புக்கட்டிய ஊரில் ஒரு வாரம் இருந்தால் பல காலத்து இசை ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கிறது. காலையில் நாதஸ்வரம், சாயங்காலம் நையாண்டி மேளத்தோடு கரகாட்டம், ஒருநாள் ராத்திரி இன்னிசைக் கச்சேரி, அதில் விஸ்வநாதன் மெட்டும் இளையராஜா மெட்டும், இன்னொரு நாள் வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய அந்த நாடகத்தைப் புதுக்கோட்டைச் சீமைக் கிராமங்கள் இன்றும் விடியும்வரை பார்க்கின்றன. ராத்திரி பத்து மணிக்குமேல் பபூன் வந்து கூட்டத்தைக் கலகலப்பாக்குவார். ஆர்மோனியக்காரர் சுருதி பிடிப்பார். நாரதரும் வள்ளியும் தர்க்கம் தொடங்கும்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். என் அம்மாவின் மடியில் பாதித் தூக்கத்தில் நான் கேட்ட ஆர்மோனியம் அது. அம்மாவின் ராசி மீனம், என் ராசி விருச்சிகம். அந்த ஆர்மோனியம் எனக்குப் பிடித்தது அம்மா பக்கத்தில் இருந்ததால். வேறு எந்தப் பொருத்தத்தையும் என்னால் அதற்குக் காட்ட முடியாது. முப்பது வயதில் வேலைக்காக வெளியூரில் இருந்தபோது எனக்குக் கசல் பிடித்தது, அறை நண்பன் அதை இரவெல்லாம் ஒலிக்கவிட்டதால். மனைவி வந்தபின் பி. சுசீலா. இப்போது காலை நேரத்தில் நாதஸ்வரம் தவிர வேறு எதுவும் காதில் நிற்பதில்லை. பிறந்த நாழிகை ஒன்றாகவே இருக்க, என் இசை இத்தனை தடவை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஓர் ஆள் இருக்கிறார்.

ராசி கேட்காத இசைப் பாடம் ஒன்று எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. குடுமியான்மலைக்குப் போகிறவர்கள் சிகாநாதர் கோயிலின் பின்னே குடைவரைக்குப் பக்கத்துப் பாறையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. ஏழு, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு அங்கே இருக்கிறது, பல்லவ கிரந்த எழுத்தில். அந்தக் காலத்து ஏழு கிராம ராகங்கள் ஏழு பகுதிகளாக, சுரங்கள் நாலு நாலாகக் கோக்கப்பட்டு வெட்டப்பட்டிருக்கின்றன. பின்னால் 13-ம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இத்தகைய ராகங்களுக்குத் தெய்வமும் பருவமும் பொழுதும் சுவையும் வகுத்து எழுதினார். பாறையில் அதெல்லாம் இல்லை. ருத்ராசாரியரின் சீடனான சிவபக்தியுள்ள ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அது சொல்கிறது. அவன் மகேந்திரவர்மனா வேறொருவனா என்று அறிஞர்கள் வாதாடட்டும். வெயிலிலும் மழையிலும் நிற்கிற அந்தப் பாடம் வந்தவருக்கெல்லாம் பாடம். அதைப் படித்து விரலால் மீட்டிப் பார்க்கும் ஆசையைத் தவிர வேறு தகுதி எதையும் அது கேட்கவில்லை.

புதுக்கோட்டைக்கு இசையுலகில் நிலைத்த பெயர் வாங்கித் தந்த மான்பூண்டியா பிள்ளையும் அப்படி ஆசையோடு வந்தவர்தான். அவர் ஊர்வலங்களில் விளக்குப் பிடித்துப் போனவர் என்று சொல்வார்கள். பக்கத்தில் ஒலித்த தவில் அவரைப் பிடித்துக்கொண்டது. மாரியப்ப தவில்காரரிடம் லயம் கற்றார்; உடும்புத் தோல் போர்த்திய சின்னக் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றினார். அவரிடம் பயின்றவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை, மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் கொடிகட்டியவர். அவரிடமிருந்து பழனி சுப்பிரமணிய பிள்ளை அந்த லயத்தைப் பெற்றார். வள்ளி திருமணம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளும் மான்பூண்டியா பிள்ளையிடம் சந்தமும் தாளமும் கற்றவர்தான். என் அம்மா மடியில் நான் கேட்ட தர்க்கப் பாட்டின் தாளக்கட்டில், தவிலுக்குப் பக்கத்தில் விளக்கோடு நடந்துபோன அந்த மனிதரின் கணக்கும் இருந்திருக்கிறது.