வடிப்பவன் குற்றமா, குடிப்பவன் குற்றமா?

சென்ற மாதம் நமது பள்ளித் தோழர் ஒருவர் சீன தேசத்திலிருந்து நமக்கு ஒரு நீண்ட கடிதம் விடுத்திருந்தார். அவர் இரசாயனம் கற்றவர். நம் பினாங்கு ஹொக்கியன் அன்பர்களின் முன்னோர் கப்பலேறி வந்த பூஜியான் மாகாணத்திலே, ஆறாண்டுகளாக ஒரு பீர் ஆலையில் உத்தியோகம் பார்த்து வருகிறார். அவ்வூரில் சிலர் கூடி விஸ்கி வடிக்கும் சாலை ஒன்றைப் புதிதாகத் தொடங்குகின்றனராம். செப்புக் கலங்களும் வந்திறங்கி விட்டனவாம். வடிப்புக்குத் தலைவராக வருமாறு இவரை அழைக்கின்றனராம். இப்பொழுது பெறுவதில் பாதிச் சம்பளம். மறுபாதிக்குக் கம்பெனியில் பங்கு. கடிதம் முழுவதும் உவகை பொங்குகிறது. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி தனித்து நிற்கிறது: "நான் போகலாமா? நீயே சொல்."

வேறொருவர் கேட்டிருந்தால் இஃது ஓர் உத்தியோக விசாரணை மட்டுமே. கேட்டவர் இவராகலின் நம்மால் அவ்வளவு எளிதில் விடை எழுத இயலவில்லை. இவருடைய தந்தையார் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பளம் வாங்கிய இரவு சம்சு குடித்துவிட்டுக் கால்வாய் ஓரத்தில் வீழ்ந்து கிடந்தவரை மறுநாட் காலையில் தூக்கி வந்தார்கள், உயிர் இல்லை. அப்பொழுது நண்பருக்கு வயது பன்னிரண்டு. ஒரு வாரங் கழித்துப் பள்ளிக்கு வந்தார், நம் பக்கத்தில் உட்கார்ந்தார், கணக்குப் புத்தகத்தைத் திறந்தார், ஒன்றும் பேசவில்லை. அவருடைய தாயார் இன்றும் நிபோங் திபாலில் இருக்கிறார். அவ்வம்மையாருக்கும் செய்தி போயிருக்கிறது. "எந்தச் சரக்கு உங்கப்பாவைக் கொண்டுபோச்சோ, அதையேவா தம்பி நீ காய்ச்சப் போறே?" என்று தொலைபேசியில் கேட்டாராம்.

இதற்கு விடை எளிது என்பார் இரு திறத்தார். மதுவைத் தொட்ட கை எல்லாம் தீய கை என்பார் ஒரு திறத்தார். கத்தி செய்யும் கொல்லன் கொலைகாரனாவானோ என்று கேட்பார் மற்றொரு திறத்தார். பின்னவர் வாதம் கேட்பதற்கு நயமாகத்தான் இருக்கிறது. ஆயினும் கத்தி தன்னை வாங்கியவனுடைய அறிவைப் பறிப்பதில்லை. வேண்டாம் என்று சொல்லவேண்டிய அறிவு எதுவோ, அந்த அறிவையே முதலில் தளரச் செய்யும் பண்டம் மது. முதற் குவளையை மனிதன் விலைக்கு வாங்குகிறான். நான்காவது குவளையை வாங்குகிறவன் அதே மனிதன்தானா என்று ஐயுற இடமுண்டு.

நம் பெரியோர் நூல்களைப் புரட்டினோம். வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதிலுள்ள பத்துக் குறளும் குடிப்பவனைப் பற்றியே பேசுகின்றன. காய்ச்சியவனையும் விற்றவனையும் நோக்கி ஒரு சொல் இல்லை. அவரே புலால் மறுத்தலில், தின்பவன் இல்லையேல் விற்பவனும் இல்லை என்ற கணக்கைக் காட்டியிருக்கிறார் என்பதை எண்ணுங்கால் இது வியப்பாயிருக்கிறது. புத்தர் பெருமானோ நேரே வாணிகனிடம் சென்றார்: இல்லறத்தான் செய்யலாகாத வாணிகம் ஐந்து, அவற்றுள் மது வாணிகமும் ஒன்று. ஒருவர் வாயைக் கண்டித்தார். ஒருவர் கையைக் கண்டித்தார். நமது நண்பருக்கு இவ்விரண்டும் போதா. ஏனெனில் அவர் வாணிகரும் அல்லர், குடியரும் அல்லர். ஒரு வித்தையைக் கற்று, அதைச் செவ்வையாகச் செய்து காட்ட விரும்பும் தொழிலாளி.

இத்தகைய ஒருவருடைய கதை நம் ஊரோடு தொடர்புடையதாகவே இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் லீத் தெருவிலுள்ள நீல மாளிகையை அறியாதார் இலர். 38 அறைகளும் 5 முற்றங்களும் 220 சன்னல்களும் உடையது. இன்று விருந்தினர் விடுதியாக நடக்கிறது. அதைக் கட்டியவர் சியோங் ஃபாட் சே. 1840-இல் குவாங்டோங் மாகாணத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளம் பருவத்திலேயே பத்தாவியாவுக்கு வந்து, டச்சுக்காரர் ஆட்சியிலும் நமது தீவிலும் பெருஞ்செல்வராக உயர்ந்தவர். பினாங்கில் சீன அரசின் துணைத் தூதராக இருந்தவர். ஆயர் ஈத்தாமிலுள்ள கெக் லோக் சி ஆலயத்துக்கு வாரி வழங்கியவர். அவர் 1892-இல் வட சீனத்துச் சீஃபூ துறைமுகத்தில், அஃதாவது இன்றைய யாந்தாய் நகரத்தில், சாங்யூ என்னும் மதுக் கம்பெனியைத் தோற்றுவித்தார். முதலீடு 30 இலட்சம் தேல் வெள்ளி என்பர். அமெரிக்காவிலிருந்து வந்த திராட்சைக் கொடிகள் பிழைக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து மீண்டும் தருவித்தார். கடலருகே தோண்டிய நிலவறையில் நீர் கசிந்தது. மீண்டும் மீண்டும் கட்டினார். முடிய ஏறத்தாழப் பத்தாண்டு சென்றது. இவ்வளவு பொறுமைக்கும் நடுவே அங்கே கொடியையும் பீப்பாயையும் காத்து நின்றவர் பாபோ என்னும் ஆஸ்திரியப் பிரபு. சீஃபூவில் தம் நாட்டுத் துணைத் தூதராகவும் இருந்தவர். 1912-இல் சுன் யாட் சென் அங்குச் சென்று தம் கையால் புகழ்மொழி எழுதிக் கொடுத்தார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் அக்கம்பெனியின் பிராந்தி பொற்பதக்கம் பெற்றது. அந்நிய நாட்டான் ஒருவன் தன் வித்தையைக் கொண்டுபோய்ப் பிறர் மண்ணில் ஊன்றி, அது பலித்ததைக் கண்டான். நமது நண்பர் கனவு காண்பதும் இதையன்றோ?

ஆனால் சியோங் ஃபாட் சேயின் செல்வத்துக்குப் பல ஊற்றுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று வரிக்குத்தகை. குத்தகை என்றால் இந்நாளில் பலருக்கு விளங்காது. ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டு, ஓர் எல்லைக்குள் அபினியும் சாராயமும் விற்கும் தனியுரிமையை ஒருவரே ஏலத்தில் எடுத்துக்கொள்வது. 1786-இல் பிரான்சிஸ் லைட் குடியேற்றிய நம் பினாங்கும் தொடக்க காலத்திலிருந்தே இக்குத்தகைப் பணத்தில் வளர்ந்த ஊர்தான். பணம் கொடுத்தவர் யார்? ஈயச் சுரங்கத்திலும் மிளகு, புகையிலைத் தோட்டங்களிலும் முதுகொடிந்த கூலிகள். அவர்கள் வாங்கிய சரக்குக்குப் பதக்கமும் இல்லை, புகழ்மொழியும் இல்லை. கூலியின் குவளை பணத்தைத் தந்தது. கனவானின் கிண்ணம் பெயரைத் தந்தது. யாந்தாயில் இன்று மதுவுக்கு ஓர் அருங்காட்சிசாலை இருக்கிறது. குத்தகைச் சாராயத்துக்கு எவர் அருங்காட்சிசாலை வைப்பார்?

பாபோவை நாம் குறை கூற வரவில்லை. கொடியையும் பீப்பாயையும் பார்த்திருந்த கண்ணுக்குச் சுமத்திராவின் கூலி லைன் தெரியவேண்டும் என்று எவர் எதிர்பார்ப்பார்? நமது நண்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் லைனிலிருந்து போனவர்.

அவர் தம் வித்தையைப் பற்றி எழுதியிருக்கும் பக்கங்கள் அழகானவை. பார்லியை முளைக்க வைத்து உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊற வைத்து, நொதிக்க விட்டு, செப்புக் கலத்தில் இரு முறை வடிக்கிறார்கள். முதலில் வருவதைத் தள்ள வேண்டும். கடைசியில் வருவதையும் தள்ள வேண்டும். நடுவில் வருவதே கொள்ளத்தக்கது. எங்கே வெட்டுவது என்பதை மூக்கும் நாக்கும் அறிந்த ஒருவன் நின்று சொல்லவேண்டும். பிறகு ஓக் மரப் பீப்பாயில் அடைத்துக் காத்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்துச் சட்டப்படி 3 ஆண்டுக்குக் குறைந்தது விஸ்கி ஆகாது. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். குளிர்நாட்டில் நூற்றுக்கு 2 அளவு, பெங்களூர் போன்ற ஊர்களில் 10-க்கும் மேல். அந்தப் பெங்களூரிலேயே 1948-இல் தொடங்கிய அம்ருத் சாலையார் 2004-இல் தம் விஸ்கியை ஸ்காட்லாந்துக்கே கொண்டுபோய்க் கிளாஸ்கோவில் விற்கத் தொடங்கியதை நண்பர் பெருமையோடு குறிக்கிறார். சீனத்திலும் பெரிய முதலாளிகள் புகுந்துவிட்டார்கள். பெர்னோ ரிக்கார் என்னும் பிரெஞ்சுக் கம்பெனி 2019-இல் ஏமெய் மலையடிவாரத்தில் ஒரு சாலையைக் கட்டத் தொடங்கியது.

இவ்வளவும் எழுதிவிட்டு அவர் ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறார்: "என் அப்பாவுக்குச் சுத்தமான சரக்கு கிடைத்திருந்தால் அவர் செத்திருக்க மாட்டார்."

இவ்வாக்கியம் நம்மை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. அதில் உண்மை உண்டு. 2018-இல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நச்சுச் சாராயத்தால் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பலர் அயல்நாட்டுத் தொழிலாளர். 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்விடங்களில் கொன்றது மெதனால்; தொழிற்சாலைக்கு உரியதை மனிதன் வயிற்றுக்குள் ஊற்றிய கொடுமை. யோக்கியமான வடிப்பாளன் இதைச் செய்யான். ஆனால் நண்பரே, நீர் வடிக்கப்போகும் அந்தச் சுத்தமான சரக்கை உம் தந்தையார் எந்தக் கூலியில் வாங்கியிருப்பார்? ஒரு மாதச் சம்பளத்துக்கு எத்தனை புட்டி வரும்? நல்ல சரக்கு அவரை எட்டியே இராது. எட்டியது எது என்பதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்காக வேறு யாரோ தேர்ந்தெடுத்தார்கள்.

நம் தோட்டத்து மக்கள் இதை வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அந்நாளில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. பால் நிறுத்துத் திரும்பும் வழியிலேயே இருந்தது. 1941-இல் கிள்ளானில் வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர் கேட்டவற்றுள், கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. 1947-இல் கெடாவில் பீடோங் பகுதியில் தொண்டர் படையினர் கள்ளை எதிர்த்து நின்றபோது காவலரோடு மோதல் நேர்ந்து, தொழிலாளி ஒருவர் உயிர் துறந்தார். குடிப்பவனை இழிவுபடுத்தும் உபதேசிகள் இச்சம்பவங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். கடை வழியில் இருக்கும்வரை எங்களால் மறுக்க முடியவில்லை, ஆகையால் கடையை எடுங்கள் என்று கேட்டவர்கள் குடித்தவர்களும் அவர்தம் மனைவிமாரும் அல்லவா?

நமக்கு இவ்வளவு பேச யோக்கியதை உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். நாம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருக்கிறோம். இன்று செம்பனை வெட்டுவோர் பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளிகளும். சம்பள நாளன்று மாலையில் ஒரு வண்டி வாயிலுக்கு வெளியே வந்து நிற்கிறது, மலிவான புட்டிகள். எத்தனை மணிக்குச் சம்பளம் முடியும் என்பது வண்டிக்காரனுக்கு எப்படித் தெரிகிறது என்று நாம் ஒரு நாளும் விசாரித்ததில்லை. மாத நடுவில் முன்பணம் கேட்டு வருகிறவன் எதற்குக் கேட்கிறான் என்பது நமக்குத் தெரியும். பற்றுச் சீட்டில் எழுதுகிறோம். நகரத்து விருந்துகளில் நாமும் ஒரு கிண்ணம் ஏந்தியதுண்டு. வேண்டாதபோது கவிழ்த்து வைத்துவிட்டு வந்ததும் உண்டு. கவிழ்த்து வைக்க நமக்கு முடிகிறது. அம்முடிவை நமக்குக் கொடுத்தது நமது குணமா, நமது மேசை நாற்காலியா என்பதை நாம் இன்னும் தீர்மானிக்கவில்லை.

ஆகவே நாம் நண்பருக்குப் போ என்றும் எழுதவில்லை, போகாதே என்றும் எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி எழுதினோம். கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தோன்றக்கூடிய கேள்விதான் அது. விஸ்கிக்கு 3 ஆண்டு காத்திருக்க வேண்டுமே. அந்த 3 ஆண்டும் கம்பெனி எதை விற்று உயிர் வாழும்? கலங்கள் இருக்கின்றன, ஆட்கள் இருக்கிறார்கள், வட்டி ஏறுகிறது. பீப்பாயில் கிடப்பது பெயர். அன்றாடம் ஓடவேண்டியது பணம். புதிதாகத் தொடங்கும் சாலைகள் பலவும் இடைக்காலத்தில் உடனே விற்கக்கூடிய வேறொரு மதுவை வடிப்பது உலக வழக்கம். சிலர் ஜின் வடிக்கிறார்கள். அஃது ஒரு வகை. சிலர் மலிவான சாராயத்தை மொத்தமாக வடித்துப் பிறர் புட்டிக்கு அனுப்புகிறார்கள். அது யார் வாய்க்குப் போகிறது என்பதை வடித்தவன் அறிய மாட்டான், அறிய விரும்பவும் மாட்டான். உம் கம்பெனி எதைச் செய்யப் போகிறது? ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லும் என்று எழுதினோம்.

பத்து நாளில் பதில் வந்தது. முந்திய கடிதம் பதினொரு பக்கம். இது அரைப் பக்கம். அப்படி ஒரு பக்கம் இருக்கத்தான் செய்கிறதாம். முதல் 3 ஆண்டுக்கு மாதந்தோறும் இத்தனை ஆயிரம் லிட்டர் மொத்தச் சாராயம் என்று போட்டிருக்கிறதாம். எங்கே அனுப்புவது என்ற இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறதாம். செப்புக் கலங்களைக் கண்ட மகிழ்ச்சியில் தாம் அதைப் படிக்காமல் புரட்டிவிட்டதாகவும், அந்த இடத்தில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று பங்காளிகளைக் கேட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமையன்று நிபோங் திபாலுக்குச் சென்றிருந்தோம். அம்மையார் காப்பி கலந்து கொடுத்துவிட்டு, "தம்பிகிட்டே இருந்து ஏதும் வந்துச்சாய்யா?" என்று கேட்டார். இன்னும் வரவில்லை அம்மா என்றோம்.