மறந்துபோகும் மகிழ்ச்சி வீணா?



கேள்வி என்னவோ சிறியது. "பிள்ளைக்கு இரண்டு வயதாகிறது. இந்தக் கோடை விடுமுறைக்கு டிஸ்னிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா, அல்லது இன்னும் இரண்டு மூன்று வருடம் பொறுக்கலாமா?" பரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவரின் இளங்குடும்பங்களில் இப்படியொரு கேள்வி எழுகிறது. ஊரிலுள்ள அம்மம்மாவிடமும் தொலைபேசியில் அபிப்பிராயம் கேட்கப்படுகிறது. "அது சின்னப்பிள்ளை, அதுக்கு என்ன நினைவிருக்கப் போகுது? காசைக் கரியாக்காதேங்கோ" என்கிறார் அம்மம்மா. "எல்லாப் பிள்ளைகளும் போகுதுகள், எங்கட பிள்ளை மட்டும் போகாமலோ?" என்கிறாள் மகள். இரு பக்கத்திலும் அன்பு இருக்கிறது; ஓரளவு நியாயமும் இருக்கிறது.

ஆயினும் இதனை வெறும் பணக் கணக்காகக் கொண்டு தீர்த்துவிடலாகாது. இக்கேள்வியின் அடியில் வேறு இரண்டு கேள்விகள் கிடக்கின்றன. நாளை நினைவில் நில்லாத மகிழ்ச்சியை இன்று ஒருவருக்குக் கொடுப்பதில் பயன் உண்டா? கொடுக்கும்போது உண்மையில் யாருக்குக் கொடுக்கிறோம்? இவ்விரண்டையும் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில் இப்பூங்காக்கள் எவ்வாறு தோன்றின என்பதைப் பார்ப்பது நல்லது. லொஸ் ஏஞ்சலஸ் நகரின் கிறிபித் பூங்காவில் தம் இரு பெண்பிள்ளைகளும் குதிரை இராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தாம் ஒரு வாங்கில் இருந்து கடலை கொறித்தபடி பார்த்துக்கொண்டிருந்ததாக வோல்ட் டிஸ்னி பின்னாளில் கூறினார். பிள்ளைகள் விளையாடப் பெற்றோர் சும்மா இருந்து பார்க்கும் இடங்களே உண்டு; இருவரும் சேர்ந்து மகிழும் இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்ததாம். அந்த எண்ணம் 1955 யூலை 17 ஆம் நாள் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலாந்தாகத் திறக்கப்பட்டது. 1971 இல் புளோரிடாவிலும், 1992 ஏப்ரல் 12 இல் பரிஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 32 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மார்ன்-லா-வலேயிலும் அதன் கிளைகள் எழுந்தன. ஆகவே தொடக்கத்திலேயே இது பிள்ளைக்கு மட்டும் என்று எண்ணப்பட்ட இடமன்று. வாங்கில் இருந்து சலித்துப்போன தகப்பனுக்காகவும் எண்ணப்பட்டது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

இனி, பிள்ளைக்குத் தக்க வயது எது என்பதற்கு உலகம் வைத்திருக்கும் அளவுகோல்களைப் பார்ப்போம்.

முதலாவது, பணத்தின் அளவுகோல். பரிசிலும் புளோரிடாவிலும் மூன்று வயது நிறையாத பிள்ளைக்கு நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. சர்வதேச விமானப் பயணத்தில், இரண்டு வயது நிறையாத பிள்ளை மடியில் இருந்து வந்தால் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்திலொரு பங்களவே அறவிடுவர்; இரண்டாவது பிறந்தநாள் கழிந்ததும் தனி ஆசனம் வாங்கவேண்டும். ஆகவே "பிறந்தநாளுக்கு முன் போய்விட்டு வந்துவிடுவோம்" என்று அவசரப்படும் குடும்பங்கள் உண்டு. சிக்கனம் நல்ல குணமே. ஆனால் இது பிள்ளை எப்போது மலிவு என்பதைச் சொல்கிறதேயன்றி, எப்போது ஆயத்தம் என்பதைச் சொல்லவில்லை.

இரண்டாவது, உயரத்தின் அளவுகோல். வேகமாக ஏறியிறங்கும் வண்டிகளின் வாயிலில் ஓர் அளவுத்தடி நிற்கும். பரிஸ் பூங்காவில் பிக் தண்டர் மவுண்டன் என்னும் சுரங்க வண்டியில் ஏற 102 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன் என்பதற்கு 120 சென்ரிமீற்றர். வண்டியின் தடுப்புச் சட்டம் சிற்றுடலைச் சரியாகப் பிடித்து வைக்காது என்பதே காரணம். உலக சுகாதார ஸ்தாபனம் 2006 இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுப் பிள்ளையின் நடுத்தர உயரம் 86, 87 சென்ரிமீற்றர். 102 ஐ எட்ட ஏறக்குறைய நான்கு வயதாகும். 120 ஐ எட்ட ஏழு வயதை நெருங்கவேண்டும். பறக்கும் யானையிலும் குதிரை இராட்டினத்திலும் சின்னஞ்சிறிசுகள் பெரியவரோடு இருக்கலாம் என்பது உண்மையே. இந்த அளவுத்தடி நேர்மையானது. அது பிள்ளையின் உடலைப் பார்த்துப் பேசுகிறது. ஆனால் உடலை மட்டுமே பார்க்கிறது.

மூன்றாவது, அம்மம்மா எடுத்த அளவுகோல், நினைவு. இதுதான் நம்மைச் சிந்திக்க வைப்பது. வளர்ந்தோர் பலரிடம் அவர்களுடைய மிகப் பழைய நினைவு எதுவெனக் கேட்டால், அது மூன்று அல்லது மூன்றரை வயதை ஒட்டியே தொடங்குகிறது. அதற்கு முந்தியது பெரும்பாலும் வெறுமை. மனநோய் மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட் 1905 இல் இதனைக் குழந்தைப் பருவ மறதி என்று குறிப்பிட்டார். அவர் கூறிய காரணத்தைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. மறதி உண்டென்பதை எவரும் மறுக்கவில்லை. ரொறன்ரோ சிறுவர் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்து 2014 இல் வெளியிட்ட ஆய்வு, இளம் மூளையின் நினைவுப் பகுதியில் புதிய நரம்புக் கலங்கள் வேகமாகப் பிறப்பதே பழைய நினைவுகளைக் குலைக்கிறது என்று காட்டியது. 2025 இல் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வோ, ஒரு வயதளவிலேயே குழந்தையின் மூளை நினைவுகளைப் பதியத் தொடங்குகிறது என்று தெரிவித்தது. பதிகிறது, ஆனால் பின்னர் நம் கைக்கு எட்டாமற் போய்விடுகிறது.

அப்படியானால் அம்மம்மா வென்றுவிட்டாரா? பிள்ளை மறக்கப்போகிறது, ஆகவே வீண் என்று தீர்ப்பெழுதலாமா?

பொறுங்கள். அந்தத் தீர்ப்பை எழுதுமுன் அதே நியாயத்தை அம்மம்மாவின் வீட்டிலேயே பிரயோகித்துப் பாருங்கள். அவர் தம் மகளை இரவிரவாகத் தோளிற் போட்டு உலாவினார், நிலாவைக் காட்டிச் சோறூட்டினார், காய்ச்சலில் விழித்திருந்தார். மகளுக்கு அவற்றில் ஒன்றும் நினைவில்லை. அதனால் அவை வீணாயினவா? நினைவில் நிற்பவை மட்டுமே பயனுடையன என்றால், தாய்மார் செய்த நற்காரியங்களிற் பெரும்பகுதியை நாம் செலவுக் கணக்கில் எழுதவேண்டி வரும். புனித அகுஸ்தீனார் கி.பி. 400 ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய தமது ஆன்ம சரிதையின் முதற் பாகத்திலேயே, தம் குழந்தைப் பருவம் தமக்கு நினைவில்லை என்றும், பிறர் சொல்லக் கேட்டும் வேறு குழந்தைகளைப் பார்த்துமே அதனை அறிந்ததாகவும் கூறுகிறார். நினைவில்லாத அந்தக் காலத்தில் தமக்குக் கிடைத்த பாலையும் பராமரிப்பையும் அவர் நன்றியோடுதான் எண்ணிப் பார்க்கிறார்.

ஆங்கில மருத்துவர் ஜோன் போல்பி 1969 இல் வெளியிடத் தொடங்கிய நூல் வரிசையும் இதனையே வேறொரு வழியில் விளக்கியது. தன்னைப் பேணுவோர்மீது குழந்தை முதலாண்டுகளில் வைக்கும் பற்றும் நம்பிக்கையும் அதன் பிற்கால மனநலத்துக்கு அடிப்படையாகின்றன என்றார் அவர். சம்பவங்கள் மறந்துபோகும், நம்பிக்கை தங்கும். சுவர் எழுந்தபின் அத்திவாரத்தைக் கண்ணாற் காண்பதில்லை. அதற்காக அத்திவாரம் வீண் என்று எவரும் சொல்வதில்லை.

ஆகவே வாசகரே, "நினைவிருக்குமா?" என்ற கேள்வி பிழையான கேள்வி. இரண்டு வயதுப் பிள்ளையின் இன்றைய மகிழ்ச்சி, இன்றே முழுமையான மகிழ்ச்சி. நாளைய மனிதனுக்குப் பிரயோசனப்பட்டால்தான் அதற்கு மதிப்பு என்றால், இன்றைய பிள்ளையை நாம் இன்னும் ஆளாகவே எண்ணவில்லை என்றாகும்.

மகள்மார் இதைக் கேட்டு உடனே பெட்டி கட்டிவிட வேண்டாம். இந்த நியாயம் இரு பக்கமும் கூருள்ள கத்தி. பிள்ளையின் இன்றைக்கு மதிப்புண்டு என்றால், பிள்ளையின் இன்றைய துன்பத்துக்கும் கணக்குண்டு. "அழுதாலும் பரவாயில்லை, பிறகு படத்தைப் பார்த்துச் சந்தோஷப்படும்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லாமற் போகிறது. மறந்துவிடும் என்பதற்காக மகிழ்ச்சியைத் தள்ளக்கூடாது எனில், மறந்துவிடும் என்பதற்காக வருத்தத்தைத் திணிக்கவும் கூடாது.

எனவே நாலாவது அளவுகோல் பிள்ளைதான். இரண்டு வயதுப் பிள்ளைக்கு எது மகிழ்ச்சி என்று நாம் அறியாதவர்களல்லர். உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு வயது முதல் இரண்டு வயது வரையான பிள்ளைக்குப் பகலுறக்கத்தோடு சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணித்தியால உறக்கம் வேண்டும். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13. காலை முதல் இரவு வாணவேடிக்கை வரை ஓடும் பூங்கா நாளில் இதற்கு இடமெங்கே? "இன்னும் அரை மணித்தியாலம் வரிசையில் நில்" என்றால் பெரியவருக்கு விளங்கும்; பிள்ளைக்கு அரை மணித்தியாலம் என்ற ஒன்றே இல்லை. ஆளுயர எலி கைநீட்டி வரும்போது அந்த உடைக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். பிள்ளைக்கு அது பிரமாண்டமான எலியேதான். சில பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டியணைக்கும். சில பயந்து தாயின் கழுத்தை இறுக்கும். இரண்டும் இயல்பே. கட்டியணைக்கும் பிள்ளைக்கு இரண்டரை வயதிலும் அங்கே இடமுண்டு. பயப்படும் பிள்ளைக்கு நாலு வயதிலும் அவசரமில்லை. ஆகவே வயதொன்றைச் சட்டம் போல் இங்கே எழுதிவைக்க நாம் முன்வரவில்லை. பிள்ளையை அறிந்தவர்களே தீர்மானிக்க வேண்டும்.

அப்படியானால் பெற்றோரின் ஆசைக்கு இடமே இல்லையா? உண்டு. வாங்கில் இருந்த அந்தத் தகப்பனை மறந்துவிடாதீர்கள். வாரம் முழுவதும் மாறி மாறி வேலைக்குப் போய், பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் ஆறுதலாகப் பார்க்க நேரமில்லாத தம்பதியர் இரண்டு நாள் சிரித்திருக்க விரும்புவது குற்றமன்று. எட்டு வயது அண்ணன் அந்தச் சுரங்க வண்டிக்காக வருடக்கணக்காய்க் காத்திருப்பான். தம்பி சிறுவன் என்பதற்காக அவனை மேலும் காக்க வைப்பதும் நீதியாகாது. தாய் பிள்ளையோடு நிற்கத் தகப்பன் ஏறிவந்து, பின்னர் தாய் மறுபடி வரிசையில் நில்லாமல் ஏறும் ஏற்பாடு அப்பூங்காக்களிலேயே உண்டு.

நாம் கேட்பது ஒன்றுதான்: பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். நமக்காகப் போகிறோம் என்றால் நமக்காக என்றே சொல்வோம். அப்படிச் சொன்னவுடன் காரியங்கள் தாமாகவே ஒழுங்குக்கு வரும். நம் விருப்பத்துக்காகப் பிள்ளையைக் கூட்டிச் செல்கிறோம் என்ற நினைவு இருந்தால், மத்தியானம் திரும்பி வந்து அதை உறங்க வைக்க மனம் வரும்; பயந்தால் படத்துக்காகத் தள்ளமாட்டோம்; அது வாத்தைப் பார்த்துக்கொண்டே அரை நாளைக் கழித்தாலும் "இவ்வளவு காசு கொடுத்து வாத்தா பார்க்கிறாய்?" என்று சினக்கமாட்டோம். பிள்ளைக்காக என்று நம்மையே ஏமாற்றிக்கொண்டால், கொடுத்த பணத்துக்குரிய மகிழ்ச்சியைப் பிள்ளையிடம் வசூலிக்கத் தொடங்கிவிடுவோம்.

அந்த வசூல் அங்கேயே முடிவதுமில்லை. "உனக்காக எவ்வளவு செலவழித்தோம், எங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனோம்" என்ற வார்த்தை பதினைந்து ஆண்டுகளின் பின் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் வெளிவரும். தான் கேட்காத, தனக்கு நினைவுமில்லாத கடனொன்றைப் பிள்ளை அன்று முதன்முதலாகக் கேள்விப்படும். ஜேர்மனிய தத்துவஞானி இம்மானுவேல் கான்ற் 1785 இல் எழுதிய ஒழுக்கவியல் நூலில் வலியுறுத்திய நெறி இங்கே பொருந்தும்: எந்த மனிதரையும் பிறருடைய நோக்கத்துக்கு வெறுங் கருவியாக்கலாகாது. மற்றவர் போனார்கள் என்பதற்காகவும், ஊருக்குப் படம் அனுப்பவேண்டும் என்பதற்காகவும், கடன் அட்டையில் கடன்பட்டுப் போகும் பயணத்தில் பிள்ளை கருவியாகிவிடுவது எளிது.

டிஸ்னிலாந்தை ஒருபோதும் காணப்போகாத நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்களானால், இதே கேள்வி நம் முற்றத்திலும் உண்டு. ஆவணி மாத வெயிலில் மடுத் திருவிழாச் சனநெரிசலுக்குள் கைக்குழந்தையைத் தூக்கிச் செல்வதா? தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போக இரவுப் பேருந்தில் ஏறுவதா? அங்கும் அதே அளவுகோல்தான். காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் ஒரு சிரட்டையும் ஈரமணலும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் பூங்கா வேண்டியிராது. 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31 ஆம் உறுப்புரை பிள்ளைக்கு விளையாட்டை மட்டும் உரிமையாகச் சொல்லவில்லை. ஓய்வையும் அதனோடு சேர்த்தே சொல்கிறது. அதுவும் அதன் வயதுக்கேற்றதாய் இருக்கவேண்டும் என்கிறது.

ஆகையால், சீட்டு வாங்குமுன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு படமும் எடுக்க முடியாது என்றாலும் இப்பயணம் போவீர்களா? பிள்ளை நடுப்பகலில் உறங்கிவிட்டால் உங்கள் நாள் கெட்டுவிடுமா? இதைப்பற்றிப் பிள்ளையிடம் பின்னொரு நாளும் நன்றி கேட்கமாட்டீர்கள் என்று உறுதியாகச் சொல்வீர்களா? முதற் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் "ஆம்" என்றும், நடுக்கேள்விக்கு "இல்லை" என்றும் மனச்சாட்சி விடையளித்தால், பிள்ளைக்கு எத்தனை வயதானாலும் தாராளமாய்ப் போய் வாருங்கள். பிள்ளை மறந்துவிடும். மறந்துவிடும் ஒருவருக்கு மனமாரக் கொடுப்பதைப் போல் கலப்பற்ற கொடை வேறில்லை.